செம்மண் சுவருக்குள் அறுவை அரங்கு

சென்ற வாரம் பார்த்த மெல்பர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் இரண்டு மாடி உயரத்துக்கு மீன்தொட்டி இருந்தது. கீரிக் குடும்பத்து மீர்காட்டுகள்கூட இருந்தன. வசதியான நாட்டால் அது முடியும். ஏழை நாட்டுக் குழந்தை என்றால் நாலு சுவரும் ஒரு கூரையும் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை ஏற்க மறுத்த கட்டடம் ஒன்று உகாண்டாவில், விக்டோரியா ஏரிக்கு அருகே நிற்கிறது.

என்டெபே நகரின் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவமனை அது. இதைக் கட்டிய ‘எமர்ஜென்சி’ தொண்டு நிறுவனம் 1994-இல் இத்தாலியின் மிலானில் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் முக்கியமானவர் அறுவை மருத்துவர் ஜீனோ ஸ்ட்ராடா. பார்ப்பவர்கள் திகைத்துப் போகும் அளவுக்கு அழகான மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டது கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவிடம். பாரிஸின் பாம்பிடு மையத்தை ரிச்சர்ட் ரோஜர்ஸுடன் சேர்ந்து வடிவமைத்தவர், லண்டனின் ‘ஷார்ட்’ கோபுரத்தைத் தந்தவர் பியானோ. கண்ணாடிக்கும் எஃகுக்கும் பேர்போன அவர் என்டெபேயில் நம்பியது மண்ணை.

அந்த இடத்தில் தோண்டிய செம்மண்ணே சுவரானது. மண்ணோடு ஜல்லியும் மணலும் கொஞ்சம் சிமென்ட்டும் சேர்த்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கி, பலகை அடைப்புக்குள் கொட்டி இடித்து இறுக்குவார்கள். அது கெட்டிப்பட்டதும் மேலே அடுத்த அடுக்கு. பலகையைப் பிரித்தால் சுவர் முழுக்கக் கிடைக்கோடுகள். அடுக்குக்கு அடுக்கு நிறம் லேசாக மாறும். பூச்சு வேலையே தேவையில்லை. பருமனான மண்சுவர் வெயிலை மெல்லத்தான் உள்ளே விடும். அதனால் அறைகளில் சூடு சட்டென்று ஏறாது, இறங்காது.

மண்சுவருக்கு எமன் மழை.

பூமத்திய ரேகையை ஒட்டிய என்டெபேயில் மழைக்குப் பஞ்சமில்லை. அதற்குப் பியானோ தந்த விடை கூரை. கட்டடத்தின்மேல் படியாமல் தனியே உயர்ந்து, சுவரைத் தாண்டி நீண்டு நிற்கிறது. அதில் சுமார் 2,500 சூரிய மின்தகடுகள். சுவர் நனையாமல் காப்பதும், நிழல் தருவதும், பகல் நேர மின்சாரத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதும் அந்த ஒரே கூரைதான்.

உள்ளே 72 படுக்கைகள், 3 அறுவை அரங்குகள். வெளியே தோட்டம், சுமார் 350 மரங்கள். மருத்துவமனைக்கு எதற்கு இத்தனை மரம் என்று கேட்பவர்களுக்கு ரோஜர் அல்ரிச் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு பதில் சொல்லும். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்த 23 பேரையும், செங்கல் சுவரை மட்டுமே பார்த்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆய்வு பெரியவர்களிடம் நடந்ததுதான். வலியோடு படுத்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த ஜன்னல் இன்னும் அவசியம் என்பதை உணரத் தனி ஆய்வு வேண்டியதில்லை.

நிலத்தை உகாண்டா அரசு தந்தது. 2021 ஏப்ரலில் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. சிகிச்சை முற்றிலும் இலவசம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்ட்ராடா காலமானார். அழகு என்பது காசுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல என்ற அவரது பிடிவாதத்தால்தான் இந்தச் சுவர்கள் எழுந்தன.

அடுத்த வாரம் லிவர்பூலுக்குப் போவோம். 2015-இல் திறந்த ஆல்டர் ஹே மருத்துவமனையை வடிவமைக்கும்போது குழந்தைகளின் யோசனையையும் கேட்டார்கள். அவர்கள் கேட்டவற்றில் எவையெல்லாம் கட்டடமாயின என்று பார்ப்போம்.

(தொடரும்)