வள்ளத்தின் வயிற்றில் புகுந்த நீர்

வெளியே அடிக்கும் அலைக்கு வள்ளம் ஈடுகொடுத்துவிடும். பலகைக்குள் புகுந்து தங்கிவிடும் நீருக்குத்தான் அது தோற்றுப்போகிறது. கொச்சி, வைப்பின், செல்லானம் கரைகளில் கடல் தொழில் செய்வோர் இதை நன்கு அறிவார்கள்.

முன்பு வள்ளங்கள் ஆஞ்சிலி மரத்தில் செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் அயினி என்பது அதைத்தான். அந்த மரம் அரிதாகி விலையும் ஏறிவிடவே, 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் வந்தன. குமரி மாவட்டத்து முட்டம் கிராமம் இதில் முன்னோடி. ஒட்டுப்பலகையின் இருபுறமும் கண்ணாடி நாரும் பிசினும் பூசி வலுவேற்றுவது இவற்றில் ஒரு முறை. தோல் இரண்டு, நடுவே ஒரு கரு என்ற அமைப்பு அது. கோவளத்தில் இளைஞர்கள் அலைமேல் சறுக்கும் பலகைகள் பலவும் இதே வகைதான். அவற்றில் மரத்துக்குப் பதில் நுரை இருக்கும்.

எடை குறைவு, பலம் அதிகம் என்பதே இந்த அமைப்பின் சிறப்பு. ஆனால் நடுவிலுள்ள கரு நனைந்தால் தோல் பிரிந்துவிடும்; வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கரையில் இழுத்தேற்றும்போது அடியில் விழும் கீறலும், எஞ்சின் பொருத்தும் போல்ட் துளையும் நீருக்கு வாசலாகின்றன. நனைந்த ஒட்டுப்பலகை உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து, பிறகு உளுத்துப்போகிறது.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடம் ‘டக்’கென்று ஒலிக்கும், கெட்ட இடம் மொத்தென்று கேட்கும். வள்ளம் வழக்கத்தைவிடக் கனப்பதும் ஓர் அடையாளம்.

பலர் செய்வது, கீறலின் மேல் அவசரமாகப் பிசினைப் பூசிவிடுவது. அது நோயை உள்ளே வைத்துத் தைப்பதற்கு ஒப்பாகும். ஈரத்தில் பிசின் பிடிக்காது. உள்ளே அடைபட்ட நீர் வெயிலில் ஆவியாகித் தோலைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

முதலில் மொத்தொலி கேட்ட பகுதியின் தோலை வெட்டியெடுக்க வேண்டும். உளுத்த மரத்தைச் சுரண்டிவிட்டு நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை மறுபடி இழுக்கும். பின்னர் காற்றோட்டமான நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். இதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். உலர்ந்த பிறகே புது மரம் பொருத்தி, ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து, நாரும் பிசினும் ஏற்ற வேண்டும். சறுக்குப் பலகைக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு: தெர்மோகோல் வகை நுரையைப் பாலியெஸ்டர் பிசின் கரைத்துவிடும்; அதற்கு எபாக்ஸி பிசின்தான் ஏற்றது.

மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் 1957இல் தொடங்கப்பட்டது. எளிதில் உளுக்கும் ரப்பர் மரத்தை அந்நிலையத்தார் வள்ளத்துக்குப் பயன்படுத்தியபோது, முதலில் மருந்தேற்றிப் பதப்படுத்தி, அதன் பின்னரே நார்த்தோல் போர்த்தினர். தோலை மட்டும் நம்பக்கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

சிக்கல் காலத்தில்தான் இருக்கிறது. கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவலை விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. வள்ளக்காரர்கள் கூலி பார்ப்பது அப்போதுதான். இடவப்பாதி மழையில் எதுவும் உலராது. உலர்த்துவதற்காக வள்ளத்தைக் கரையில் போட்டால் அடுப்பும் எரியாது. எனவே மாசி, பங்குனி வெயிலிலேயே வள்ளத்தைத் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அப்போது இழப்பது சில நாள் வருமானம். தவறவிட்டால் வள்ளமே போய்விடலாம்.