பிராசசரின் சூடும் திரையில் தெரியும் எண்ணும்

அறையில் 33 டிகிரி. பிராசசரோ 28 டிகிரியில் இருப்பதாகத் திரை காட்டுகிறது. மின்சாரம் குடித்துச் சூட்டைக் கக்கும் ஒரு பொருள், தன்மேல் வீசும் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வழியே இல்லை. ஃபேன் எத்தனை வேகமாகச் சுழன்றாலும் சரி. எண் பொய்தான். அதற்காகச் சென்சார் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பிராசசருக்குள் இருக்கும் சென்சார், சும்மா இருக்கும் நேரத்துச் சூட்டைச் சரியாகச் சொல்வதற்காகச் செய்யப்பட்டதே அல்ல.

1990களில் பல மதர்போர்டுகளில் சாக்கெட்டின் நடுவே, பிராசசருக்கு அடியில், தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சிலிக்கானின் சூடு அதை எட்டும்போது பாதி கரைந்திருக்கும், நேரமும் கடந்திருக்கும். பிறகு சில்லுக்குள்ளேயே ஒரு டயோடை வைத்தார்கள். ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஒவ்வொரு டிகிரிக்கும் டயோடின் மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதை அளந்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். தெரிந்தால் மட்டும் போதாது, உடனே செயல்படவும் வேண்டும் என்பதை 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையதளம் வெளியிட்ட ஒரு வீடியோ காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர் மேலிருந்த ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தது. ஏஎம்டியின் அத்லான் நொடிகளில் புகைந்தது.

2006இல் வந்த இன்டெல்லின் கோர் வரிசையில் டிஜிட்டல் சென்சார் கோருக்குள்ளேயே குடியேறியது. அது வெப்பநிலையைச் சொல்வதில்லை. பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் உச்ச வரம்பு ஒன்று உண்டு. அந்த வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதையே சொல்கிறது. கோயில் குளத்தில் தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று மட்டும் எண்ணிச் சொல்வது போல. மொத்தப் படிகள் எத்தனை என்று தெரியாதவருக்கு ஆழம் தெரியாது.

கோர் 2 காலத்தில் அந்த மொத்தம், அதாவது உச்ச வரம்பு, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு கண்காணிப்பு நிரல் 85 என்று வைத்துக்கொள்ளும், இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்ளும். ஒரே கணினியில், ஒரே நேரத்தில், ஒரே சென்சாரைப் படித்து இரண்டும் 15 டிகிரி வித்தியாசத்தில் பேசும். 2008இல் வந்த நெஹேலம் சில்லுகள் முதல்தான் வரம்பைச் சில்லிலிருந்தே படித்துக்கொள்ள வழி பிறந்தது.

வரம்பு தெரிந்த பின்னும் ஒரு சிக்கல் மிச்சம். சென்சாரை வரம்புக்கு அருகில் சரியாக இருக்கும்படி அமைக்கிறார்கள். அங்கிருந்து கீழே இறங்க இறங்கப் பிழை சேர்ந்துகொண்டே போகும். கோர் 2 சில்லுகள் சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எண் அசையாமல் நின்றுவிடும். ஆகவே, சும்மா இருக்கும்போது 28 என்று பொய் சொல்லும் அதே சென்சார், வேலை நெருக்கும்போது 90 என்று சொன்னால் நம்பலாம். சும்மா இருக்கும் நேரத்து எண்ணை வைத்து, எந்த கூலர் 3 டிகிரி உசத்தி என்று சண்டை போடுவது வெட்டி வேலை.

ஏஎம்டியின் கதை வேறு. 2017இல் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரியைக் கூட்டிச் சொல்லிவந்தன. அது தவறல்ல, திட்டமிட்டது: ஃபேனை ஆட்டுவிக்கும் எண்ணை எல்லா மாடல்களுக்கும் பொதுவாக வைக்க அப்படிச் செய்தார்கள். பழைய நிரல்கள் அந்த 20ஐக் கழிக்காமல் காட்ட, வாங்கியவர்கள் பதறிப்போனார்கள். அதற்கு முந்தைய ஃபீனம் காலத்தில் சில சில்லுகளின் சென்சார் நிஜமாகவே நம்பத் தகாதது. லினக்ஸ் டிரைவர் அவற்றின் மேல் ஏற மறுத்துவிடும். வற்புறுத்தினால்தான் எண் காட்டும். நேர்மையான டிரைவர்.

சரி, நம் கணினியின் எண்ணை எப்படிச் சோதிப்பது? பயாஸில் தெரிவதோடு ஒப்பிடுவது பயனற்றது. பயாஸில் இருக்கும்போது பிராசசர் தூங்குவதில்லை, அதனால் அங்கே எண் கூடுதலாகவே இருக்கும். லேசர் புள்ளி வைத்த அகச்சிவப்பு வெப்பமானியும் உதவாது: பிராசசரின் பளபளப்பான நிக்கல் மூடி தன் சூட்டை மிகக் குறைவாகவே கதிர்வீசும், கருவி குறைத்துத்தான் சொல்லும். போதாக்குறைக்கு, மூடியின் சூடும் உள்ளே சிலிக்கானின் சூடும் ஒன்றல்ல.

நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஃபேனை ஒரே வேகத்தில் சுழலவிடுங்கள். எல்லா கோர்களுக்கும் சமமாக வேலை கொடுத்து, முதலில் 40 வாட், பிறகு 80 வாட் இழுக்கும்படி செய்து, எண் நிலைபெறும்வரை காத்திருங்கள். காற்றைவிட எத்தனை டிகிரி கூடுகிறது என்பது ஏறத்தாழ வாட்டின் விகிதத்திலேயே ஏறும். 40 வாட்டில் 48, 80 வாட்டில் 63 என்று வந்தால், 40 வாட்டுக்கு 15 டிகிரி. அப்படியே பின்னோக்கிக் கோட்டை நீட்டினால் பூஜ்ய வாட்டில் 33. ஃபேன் இழுக்கும் காற்றும் 33 என்றால் சென்சார் யோக்கியன். கோடு 23இல் போய் நின்றால், எண் கீழ்ப்பக்கம் 10 டிகிரி குறைத்துச் சொல்கிறது. வாட் கணக்கையும் பிராசசர்தானே சொல்கிறது என்று கேட்கலாம். அது ஒரே விகிதத்தில் பிசகினால், கோடு பூஜ்ய வாட்டைத் தொடும் இடம் மாறாது.

மேல்முனையையும் பார்த்துவிடலாம். வரம்பைத் தொட்டதும் பிராசசர் சூட்டால் வேகத்தைக் குறைத்ததாக ஒரு கொடியை உயர்த்தும். கண்காணிப்பு நிரல்கள் பல அதைக் காட்டும். திரையில் 85 இருக்கும்போதே கொடி உயர்ந்தால், நிரல் வைத்திருக்கும் வரம்பு தவறு, அல்லது லேப்டாப் தயாரிப்பாளர் வரம்பையே கீழே இறக்கி வைத்திருக்கிறார். வேகம் குறைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மின்திறன் வரம்பை எட்டினாலும் வேகம் குறையும்.

இவற்றோடு, மதர்போர்டின் சென்சார் பட்டியலில் 127 டிகிரி என்று ஒரு வரி தெரிந்தால் அலற வேண்டாம். அந்த முனையில் எந்தச் சென்சாரையும் இணைக்கவில்லை, அவ்வளவுதான்.