சைடு காரில் குமரிக் கடலோரம் சுற்றலாமா? ‘விண்டேஜ்’ வண்டிக்குச் சட்டம் சொல்வது என்ன?

1975-ல் வெளியான ‘ஷோலே’ படத்தில் அமிதாப் பச்சனும் தர்மேந்திராவும் பாட்டுப் பாடியபடி போகும் வண்டி ஞாபகம் இருக்கிறதா? பைக்கின் பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத்துடன் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தொட்டிதான் சைடு கார்.

இன்று அது சுற்றுலாக்காரர்களின் செல்லப்பிள்ளை. போர்ச்சுகலில், ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்கு முனையான கபோ ட ரோக்கா பக்கம் கடலோரமாக சைடு காரில் ரவுண்டு அடிக்கிறார்கள். வழிகாட்டியே ஓட்டுவார், தொட்டியில் ஒருவர், பின்சீட்டில் ஒருவர்.

அவர்களுக்கு மேற்கு முனை என்றால், நமக்குத் தெற்கு முனை இருக்கிறதே!

கன்னியாகுமரியில் கிளம்பி மணக்குடி, சொத்தவிளை, முட்டம், மண்டைக்காடு வழியாகக் குளச்சல் போகும் ரூட், சைடு காருக்கென்றே போட்டதுபோல் இருக்கும். நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போவதால் தொட்டியும் இடப்பக்கம்தான். மேற்கு நோக்கிப் போனால் கடலும் இடப்பக்கம். அதாவது, தொட்டியில் இருப்பவருக்குக் கடல் பக்க ஜன்னல் சீட், ஜன்னலே இல்லாமல்!

வழிகாட்டி சொல்லக் கதைகளுக்கும் பஞ்சமில்லை. பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் இருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. முட்டத்தில் கலங்கரை விளக்கம், கூடவே பாரதிராஜாவின் ‘கடலோரக் கவிதைகள்’ எடுத்த பாறைகள். 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது குளச்சலில்தான்.

சரி, தாத்தாவின் பழைய புல்லட்டைத் துடைத்து, தொட்டி மாட்டி, டிக்கெட் போட்டுவிடலாமா? இங்கேதான் சிக்கல்.

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத டூவீலரும் காரும் ‘விண்டேஜ்’. புதிதாகப் பதிவு செய்ய ரூ.20,000 கட்டணம், நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ கூடாது. ஆக, நிஜ விண்டேஜ் வண்டியில் காசு வாங்கி ‘விண்டேஜ் டூர்’ நடத்த முடியாது. கொஞ்சம் வேடிக்கைதான்!

மிச்சமிருக்கும் வழி, பழைய லுக்கில் வரும் புது பைக். மோட்டார் வாகனச் சட்டம் கழற்றக்கூடிய சைடு காரையும் மோட்டார் சைக்கிள் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. மூன்று சக்கரம் ஆகிவிட்டதே, ஆட்டோவா என்ற குழப்பம் வேண்டாம். பைக்கையும் வாடகைப் பயணி வாகனமாகக் கருதலாம் என மத்திய அரசு 2024 ஜனவரியில் மாநிலங்களுக்குத் தெளிவுபடுத்தியது. அதற்குப் பெர்மிட்டும், பயணிக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸும் வேண்டும். சொந்த உபயோக வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றி விபத்து நடந்தால், இழப்பீடு கேட்டுப் பயணியின் குடும்பம்தான் அலைய நேரிடும். புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘கமர்ஷியல் இன்ஷூரன்ஸ் இருக்கா?’

இரண்டாவது, ஓட்டுபவருக்கு சைடு கார் அனுபவம் எவ்வளவு? வளைவில் இந்த வண்டியைச் சாய்க்க முடியாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் தொட்டி இருக்கும் பக்கம் இழுக்கும். தொட்டிக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால், பிரேக் பிடிக்கும்போது எதிர்ப்பக்கம் இழுக்கும். இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் தொட்டிச் சக்கரம் அந்தரத்தில் எழும், ஆள் லேசாக இருந்தால் இன்னும் சுலபமாக. இருபது வருடம் புல்லட் ஓட்டியவரும் இதைப் புதிதாகத்தான் பழக வேண்டும்.

மூன்றாவது, சீசன். ஜூன், ஜூலையில் கடல் சீறும்போது கரையோர ஊர்களில் தண்ணீர் ரோட்டுக்கே வருவதுண்டு. அந்த நாட்களில் தொட்டி தரையோடு தரையாக இருப்பது ரசிக்கும்படி இருக்காது.

அப்புறம் ஹெல்மெட். பழைய சட்டத்தில் சைடு காரில் இருப்பவருக்கு விலக்கு இருந்தது. 2019 திருத்தத்தின் வாசகத்தில் அது இல்லை. கூலிங் கிளாஸும் பறக்கும் துப்பட்டாவுமாக ரீல்ஸ் எடுக்க ஆசைப்படுபவர்கள் வண்டி நின்ற பிறகு எடுத்துக்கொள்ளலாம்.