கலனிழையம் இருந்தும் ஈரக்காற்று ஏன்? செலாஜினெல்லாவை வீட்டினுள் வளர்த்தல்

க.பொ.த. (உயர்தரம்) உயிரியல் – தாவரப் பல்வகைமை

"செலாஜினெல்லா ஈரலிப்பான நிழலிடங்களில் வளர்வது ஏன்?" என்ற வினாவுக்கு, "அதில் கலனிழையம் இல்லாமையால்" என விடை எழுதும் மாணவர்கள் உளர். இவ்விடை பிழையானது. அது பொகொனேற்றம் போன்ற பிரயோபைற்றாக்களுக்கு உரியது. செலாஜினெல்லாவில் காழும் உரியமும் உண்டு. உண்மையான வேர், தண்டு, இலைகளும் உண்டு. அப்படியாயின் ஈரலிப்பு எதற்காக? இத்தாவரத்தை வீட்டினுள் வளர்க்கும் முறையை விளங்கிக்கொண்டால் இதற்கான விடையும் தெளிவாகும்.

1. எடுத்துக்காட்டுத் தாவரம்

செலாஜினெல்லா வில்டெனோவை மலேசியா உட்பட்ட தென்கிழக்காசிய மழைக்காடுகளின் நிழலில் வளர்வதாகும். அழகுத் தாவரமாகவும் வளர்க்கப்படுகின்றது. இதன் இலைகள் நீலநிறமாக மினுங்கும். இந்நீலம் நிறப்பொருளால் உண்டாவதன்று. இலையின் மேற்பரப்பிலுள்ள மிக மெல்லிய படைகளில் ஒளி தலையிடுவதால் தோன்றுவது. கடும் ஒளியில் வளரும் இலைகளில் நீலம் மறைந்து பச்சை நிறமே காணப்படும்.

2. நீர் இழப்பும் நீர் வழங்கலும்

இதன் இலைகள் நுண்ணிலைகள். ஒவ்வொன்றிலும் கிளைக்காத ஒற்றை நரம்பு மாத்திரமே உண்டு. இலை மிக மெல்லியது. வேர்த்தாங்கிகளின் நுனியில் தோன்றும் வேர்கள் நுண்ணியவை. மண்ணின் மேற்படையிலேயே பரவுபவை. எனவே நீர் வழங்கப்படும் வேகம் குறைவு. வளி உலர்ந்ததாயின், இழக்கப்படும் நீர் வழங்கப்படும் நீரை விஞ்சிவிடும்.

இதனை எண்களால் நோக்குவோம். 25 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் வளி கொள்ளக்கூடிய உயர்ந்தபட்ச நீராவி ஏறத்தாழ 23 கிராம் ஆகும். இலையினுள் உள்ள வளி நீராவியால் ஏறத்தாழ நிரம்பியிருக்கும். அறையின் சாரீரப்பதன் 50% எனின், இலையின் உள்ளும் புறமும் உள்ள வேறுபாடு 11.5 கிராம். அது 90% எனின் வேறுபாடு 2.3 கிராம் மாத்திரமே. ஏனைய காரணிகள் மாறாதபோது, முதலாவது நிலையில் ஆவியுயிர்ப்பு ஐந்து மடங்காகும்.

3. பராமரிப்பும் காரணங்களும்

(அ) ஈரப்பதன்: சாரீரப்பதனை 70 சதவீதத்திற்கு மேல் பேணுதல் நன்று. மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் அல்லது கண்ணாடித் தொட்டி பொருத்தமானது. மின்விசிறி, குளிரூட்டி ஆகியவற்றின் காற்றுப் படக்கூடாது. வீசும் காற்று இலையைச் சூழ்ந்துள்ள ஈரவளிப் படையை அகற்றிவிடும். இலைமேல் நீர் தெளிப்பது சிறிது நேரத்திற்கே பயன்தரும்.

(ஆ) ஒளி: யன்னலருகே மறைமுக ஒளி போதும். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தை நேர் வெயிலில் வைத்தால் உள்வெப்பநிலை விரைவாக உயர்ந்து தாவரம் இறந்துவிடும்.

(இ) வளர்ப்பூடகம்: இலையுக்கல், தென்னந்தும்புத் தூள், சிறிதளவு மணல் ஆகியவற்றைக் கலந்து பயன்படுத்தலாம். ஊடகம் ஈரமாக இருக்கவேண்டும், நீர் தேங்கக்கூடாது. நீர் தேங்கினால் வேர்களுக்கு ஒட்சிசன் கிடையாது அவை அழுகும்.

(ஈ) நீர்: மழைநீர் சிறந்தது. யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கற் பிரதேசக் கிணற்றுநீர் வன்னீராகும். அதனைத் தொடர்ந்து ஊற்றினால் ஊடகத்தில் உப்புகள் படியும்.

(உ) பெருக்கம்: ஏறத்தாழ 5 செ.மீ. நீளத் தண்டுத் துண்டை ஈர ஊடகத்தின் மேல் கிடையாக வைத்து மூடிவைக்க. தண்டு கிளைக்கும் இடங்களில் வேர்த்தாங்கிகள் தோன்றி வேர்விடும்.

4. மூடிய கண்ணாடியின் வரலாறு

இலண்டன் வைத்தியரான நதானியேல் வார்ட், 1829இல் ஈரமண் இட்டு மூடிய கண்ணாடிப் போத்தலினுள் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்ததை அவதானித்தார். மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் வெளியேறிய நீராவி கண்ணாடியில் ஒடுங்கி மீண்டும் மண்ணைச் சேர்ந்தது. இத்தத்துவத்தில் அமைந்த பெட்டிகளில் தாவரங்கள் கப்பல்களில் உயிருடன் கொண்டுசெல்லப்பட்டன. 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இலங்கைக்கு இறப்பர் நாற்றுகள் வந்து சேர்ந்ததும் இவ்வகைப் பெட்டிகளிலேயே. அவை கம்பகா, ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன.

5. இனப்பெருக்கமும் நீரும்

செலாஜினெல்லா நுண்வித்திகளையும் மாவித்திகளையும் தோற்றுவிக்கும். ஆண்புணரிகள் சவுக்குமுளை உடையவை. நீர்ப்படலத்தில் நீந்தியே முட்டையை அடையும். ஆகவே கருக்கட்டலுக்குப் புறநீர் அவசியம். இது ஈரலிப்பான இடங்களில் வாழ்வதற்கான இரண்டாவது காரணம். இரு காரணங்களையும் வேறுவேறாக எழுதுக.

கவனிக்க: எல்லாச் செலாஜினெல்லா இனங்களும் ஈரலிப்பை நாடுவன அல்ல. வட அமெரிக்காவின் சிகுவாகுவா பாலைநிலத்தில் வாழும் செலாஜினெல்லா லெப்பிடோபில்லா, வரட்சியில் பந்துபோற் சுருண்டு, நீர் கிடைத்ததும் மீண்டும் விரியும். எனவே விடையில் "ஈரலிப்பான சூழலில் வாழும் இனங்களில்" எனக் குறிப்பிடுதல் பாதுகாப்பானது.

மாதிரி வினா

வீட்டினுள் திறந்த சாடியில் வளர்ந்த செலாஜினெல்லாவின் இலை நுனிகள் கபில நிறமாகிச் சுருண்டன. மண் ஈரமாகவே இருந்தது. மாணவி மேலும் நீர் ஊற்றினாள். சில நாட்களில் தாவரம் இறந்தது. விளக்குக.

விடை

* மண்ணில் நீர் குறையவில்லை. வளியிலேயே ஈரப்பதன் குறைவு.
* ஆவியுயிர்ப்பு வேகம், வேர்களும் காழும் நீரை வழங்கும் வேகத்தை விஞ்சியது. இதனால் இலை நுனிகள் உலர்ந்தன.
* மேலதிக நீர் மண்ணிடைவெளிகளிலிருந்த வளியை வெளியேற்றியது. ஒட்சிசன் இன்றி வேர்கள் அழுகின. நீர் உறிஞ்சல் மேலும் குறைந்தது.
* செய்திருக்க வேண்டியது: நீர் ஊற்றாது, சாடியைக் கண்ணாடியாலோ பொலித்தீனாலோ மூடி நிழலில் வைத்தல்.

மண்ணின் ஈரம் வேறு, வளியின் ஈரப்பதன் வேறு என்பதை நினைவிற் கொள்க. இவ்வேறுபாட்டை அறிந்தவர் வினாவில் புள்ளியையும் வீட்டில் தாவரத்தையும் காப்பாற்றிக்கொள்வர்.