கணிப்பொறியில் ஓர் அரசு: கவிழ்ந்த கதையும் கற்ற பாடமும்

"பாராத பயிர் கெடும்" என்பது நம் முன்னோர் மொழி. கொய்யாத் தோப்புகளுக்குப் பெயர்பெற்ற ஆயக்குடியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் பழமொழியின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், சென்ற கோடை விடுமுறையில் கணிப்பொறியின் முன் அமர்ந்து ஓர் அரசை ஆண்டு, அதைக் கவிழ்த்துவிட்டு, ஒருவரையொருவர் நொந்துகொண்டு எழுந்தபோதுதான் அதன் முழுப் பொருளும் எங்களுக்கு விளங்கிற்று. அந்த அனுபவத்தையும், அதை ஒட்டி நாங்கள் தேடித் தெரிந்துகொண்ட செய்திகளையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எங்களுள் ஒருத்தியின் அண்ணன் தன் கணிப்பொறியை விடுமுறைக்கு வீட்டில் விட்டுச் சென்றிருந்தார். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம், அதுவும் வீட்டு வேலை முடிந்த பிறகு, என்ற நிபந்தனையோடு அவள் அம்மா அனுமதி தந்தார்கள். நாங்கள் நால்வரும் தெரிந்தெடுத்த விளையாட்டு 'பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர்' என்பது. ரஷ்யாவில் தொடங்கப்பெற்ற அவுல்கேட் என்னும் நிறுவனம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டது. இதன் மூலக்கதை, மேசையைச் சுற்றி அமர்ந்து தாயக்கட்டை உருட்டி ஆடும் ஆட்டமாக அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்ததாகும்.

ஆட்டத்தின் அமைப்பு

கதை எளியது. யாருக்கும் சொந்தமில்லாத காட்டுநாடு ஒன்று. அங்கே கொட்டமடிக்கும் கொள்ளைத் தலைவனை மூன்று மாதத்திற்குள் அடக்கினால் அந்த நாடு நமக்கே. முதல் பகுதி முழுவதும் வாளும் வில்லும் மந்திரமுமாக விறுவிறுப்பாகச் செல்கிறது. நாங்களும் வென்றோம். முடி சூட்டினார்கள். அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

உண்மையான சோதனை முடி சூடிய பிறகுதான் தொடங்குகிறது. நாட்டின் நிலை பத்து வகையாக அளக்கப்படுகிறது. மக்கள் நலம், விசுவாசம், படை, பொருளாதாரம், அயலுறவு, சமயம், மந்திரக் கல்வி, உள்நாட்டுப் பாதுகாப்பு, கலை, ஒற்று என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைச்சரை நாமே நியமிக்க வேண்டும். கருவூலத்தில் ஆக்கப் புள்ளிகள் என்ற ஒரு நிதி இருக்கும். சாலை, சந்தை, கோயில், காவற்கூடம் எதைக் கட்டினாலும் அதிலிருந்துதான் செலவு. வாரத்திற்கு ஒரு முறைதான் வருமானம்.

இவற்றிற்கிடையே நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் முறையீடுகள் அட்டைகளாக வந்து குவிகின்றன. ஒவ்வொரு முறையீட்டுக்கும் தகுந்த அமைச்சர் ஒருவரை அனுப்ப வேண்டும். அவர் அந்த வேலையை முடிக்கச் சில நாள்களாகும். அதுவரை வேறு வேலைக்கு அவரை அழைக்க இயலாது. அவர் வெல்வாரா தோற்பாரா என்பதை இருபது முகங்களுள்ள ஒரு தாயக்கட்டை தீர்மானிக்கிறது. தோற்றால் நாட்டின் நிலை சரியும். ஒருவரையும் அனுப்பாமல் தவணை கடந்துவிட்டாலும் சரியும். மக்களின் அமைதி படிப்படியாகக் குறைந்து கலகமாகி, அதற்கும் கீழே போனால் அரசு கலைந்து ஆட்டமே முடிந்துவிடும்.

எல்லாவற்றிலும் கடினமானது காலக் கணக்கு. ஒரு துறையை மேல்நிலைக்கு உயர்த்த வேண்டுமானால் அரசரே பதினான்கு நாள்கள் அதற்கெனச் செலவிட வேண்டும். வழிநடைக்கு நாள் கழிகிறது. கூடாரமடித்து உறங்கினாலும் நாள் கழிகிறது. நாம் ஊரில் இல்லை என்பதற்காக முறையீட்டின் தவணை நமக்காகக் காத்திருப்பதில்லை.

நாங்கள் தோற்ற விதம்

எங்களுள் மூவருக்குக் குகைகளிலும் புதையல்களிலும்தான் ஆசை. நான்காமவள் ஒரு பழைய நோட்டில் எந்த முறையீட்டுக்கு என்றைக்குத் தவணை, கருவூலத்தில் மிச்சம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டே வந்தாள். "இந்தச் சிறிய அட்டைகளை முதலில் முடித்துவிடுவோமே" என்று அவள் பல முறை சொன்னாள். "நீ என்ன கணக்குப்பிள்ளையா?" என்று கேட்டு நாங்கள் சிரித்தோம். அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை.

ட்ரோல்கள் எனப்படும் பூதக் கூட்டம் நாட்டின்மேல் படையெடுத்தது. அவற்றைத் துரத்திக்கொண்டு எல்லைவரை போனோம். போகும் வழியில் கண்ணில் பட்ட குகைகளுக்குள்ளெல்லாம் நுழைந்தோம். திரும்பி வந்து பார்த்தால் முறையீடுகள் பல தவணை கடந்து கிடந்தன. இருந்த அமைச்சர்களுள் இருவரை அவர்களுக்குப் பொருந்தாத துறையில் அமர்த்தியிருந்தோம். கருவூலத்து நிதியையெல்லாம் தலைநகரை அழகுபடுத்துவதிலேயே செலவழித்திருந்தோம். அடுத்து வந்த சில வாரங்களில் எதைத் தொட்டாலும் தோல்வி. ஒரு நாள் மாலை, பகைவர் ஒருவரும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத வேளையில், எங்கள் அரசு கலைந்தது.

ஏறத்தாழ ஒரு மாதத்து உழைப்பு வீணாயிற்று. தாயக்கட்டையைப் பழித்தோம், கணிப்பொறியைப் பழித்தோம், பிறகு ஒருவரையொருவர் பழித்தோம். சிறு வயதுமுதல் ஒன்றாகப் பள்ளிக்கு வரும் நாங்கள் நால்வரும் இரண்டு நாள்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு விளையாட்டுக்காகவா என்று இதைப் படிக்கும் பெற்றோர் வியக்கக்கூடும். உண்மைதான். ஆனால் அரசு கவிழ்ந்ததைவிட, தோழி ஒருத்தியின் நல்ல சொல்லை நகைத்து ஒதுக்கியதே எங்களை அதிகமாக உறுத்தியது.

அரசாட்சி விளையாட்டைத் தொடங்கிவைத்த ஆசிரியை

இத்தகைய ஆட்டங்களை முதலில் உண்டாக்கியவர் யார் என்று தேடியபோது எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. இந்த வகை ஆட்டங்களின் முன்னோடி ஒரு பள்ளி ஆசிரியை! அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த மேபல் ஆடிஸ் என்ற ஆரம்பப்பள்ளி ஆசிரியை, 1964-இல் 'சுமேரிய விளையாட்டு' என்பதை உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கே அதைக் கணிப்பொறிக்கு ஏற்ப எழுதித் தந்தார். பழங்காலச் சுமேரிய நாட்டின் லகாஷ் நகரத்து அரசராக மாணவர் அமர வேண்டும். விளைந்த தானியத்தில் மக்களுக்கு உணவு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, களஞ்சியத்தில் சேமிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பொருளாதாரத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்காகவே அது செய்யப்பட்டது.

அதைப் பின்பற்றி 1968-இல் டக் டைமென்ட் என்பவர் ஒரு சிறு ஆட்டம் எழுதினார். பின்னர் 'ஹமுராபி' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. அதன் கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் குடிமக்கள் 100 பேர். நிலம் 1,000 ஏக்கர். களஞ்சியத்தில் 2,800 புஷல் தானியம். புஷல் என்பது ஆங்கிலேயரின் தானிய அளவை. ஆளுக்கு ஆண்டுக்கு 20 புஷல் உணவு என்றால் 2,000 போயிற்று. நிலம் முழுவதற்கும் விதை 500 போயிற்று. மிச்சம் 300 மட்டுமே. இதில் எலிகள் வந்து தின்பதும் உண்டு. கொள்ளைநோய் வருவதும் உண்டு. ஓர் ஆண்டில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு மேல் பட்டினியால் மாண்டால் அரசரைப் பதவியிலிருந்து இறக்கிவிடுவார்கள். வாள் இல்லை, பூதம் இல்லை, படமும் இல்லை, எண்கள் மட்டும். ஆனாலும் அந்த 300 புஷலை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டை எப்படித் தாண்டுவது என்று எண்ணும்போதே நெஞ்சு படபடக்கிறது.

இதை எங்கள் தோழியின் அம்மாவிடம் படித்துக் காட்டினோம். அவர்கள் சிரித்துக்கொண்டே, "இதற்குக் கணிப்பொறி எதற்கம்மா? கொய்யா விலை இறங்கின மாதத்தில் பறிப்புக் கூலியும் கொடுத்து, உங்கள் பள்ளிக் கட்டணமும் கட்டி, மளிகையும் வாங்கிப் பாருங்கள்" என்றார்கள். நாங்கள் வாயடைத்து நின்றோம்.

நம் மண்ணில் ஆட்சி

அரசாட்சியின் பாரத்தை அறிய நாம் கற்பனை நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மதுரை நாயக்கர் ஆட்சியில், 16-ஆம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தமைத்தனர் என்று வரலாறு கூறுகிறது. நமது ஆயக்குடியும் திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் ஒன்றாக இருந்ததே. வரி வசூலித்தல், மேலிடத்திற்குத் திறை செலுத்துதல், படை வைத்திருத்தல், ஊர்க்காவல், வழக்குத் தீர்த்தல் ஆகிய அத்தனையும் பாளையக்காரரின் பொறுப்பு. வருவாயில் ஒரு பங்கு மேலிடத்திற்கு, ஒரு பங்கு படைக்கு, எஞ்சிய ஒரு பங்கே தமக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கணக்கு என்ன பாடுபட்டிருக்கும்! குளத்து மதகை ஓராண்டு செப்பனிடாமல் விட்டால் மறு ஆண்டு தண்ணீர் நிற்காது. எங்கள் ஆட்டத்தில் தவணை கடந்த முறையீட்டு அட்டையும் இந்தச் செப்பனிடாத மதகும் ஒன்றே.

இந்தச் சீமை 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1948-ஆம் ஆண்டு சட்டத்தினால் சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி முறையும் ஒழிந்தது.

நம் ஊருக்கு அண்மையிலுள்ள விருப்பாச்சியை நினைக்கும்போது மற்றொரு பாடம் கிடைக்கிறது. 1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார், விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். அமைச்சர் தாண்டவராய பிள்ளை, உதவி வேண்டி ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். அரசி உடனே சினந்து எழுந்து போர்க்களம் போய்விடவில்லை. படை சேர வேண்டும், துணை சேர வேண்டும், காலம் கனிய வேண்டும் என்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1780-இல் சிவகங்கையை மீட்டார். மீட்ட பிறகும் எல்லாப் பொறுப்பையும் தாமே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன மருதுவை அமைச்சராகவும் பெரிய மருதுவைத் தளபதியாகவும் அமர்த்தினார். அவரவர் திறமைக்கேற்ற இடம்! ஒரு மாத ஆட்டம் கவிழ்ந்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்ட எங்களுக்கு இதைப் படித்தபோது வெட்கமாகவே இருந்தது.

திருக்குறளில் 'இறைமாட்சி' அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்குரிய பணிகளாகப் பொருள் வரும் வழியை உண்டாக்குதல், சேர்த்தல், காத்தல், பகுத்துச் செலவிடுதல் ஆகிய நான்கினைக் கூறுகிறார். நாங்கள் செலவிடுதல் ஒன்றை மட்டும் செவ்வனே செய்திருக்கிறோம்!

மீண்டும் தொடங்கினோம்

இரண்டு நாள் மௌனத்திற்குப் பிறகு நாங்கள் மூவரும் தோழியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் உள்ளே சென்று அந்த நோட்டை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தில், கவிழ்ந்த நாளுக்கு முந்தைய வாரத்திலேயே, "மூன்று முறையீடுகள் பாக்கி, நிதி போதாது" என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு நால்வரும் சிரித்தோம். இம்முறை யாரையும் நோகடிக்கும் சிரிப்பன்று.

மறுபடியும் ஆடத் தொடங்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. அரசாட்சியின் கடினத்தைக் குறைத்துக்கொள்ளவும், அதைக் கணிப்பொறியின் பொறுப்பிலேயே விட்டுவிடவும் ஆட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துவது கோழைத்தனமா? நீண்ட நேரம் வாதிட்டோம். முடிவில், முழுவதையும் கணிப்பொறியிடம் விடாமல், கடினத்தை மட்டும் ஒரு படி குறைத்துக்கொண்டோம். நீந்தப் பழகுகிறவர்கள் முதல் நாளே ஆழத்தில் குதிப்பதில்லை. தாயக்கட்டை பகையானாலும் தாங்கும்படி கொஞ்சம் இடம் விட்டுத் திட்டமிட வேண்டும் என்பதையும் கற்றோம். விதியை மாற்ற நம்மால் இயலாது. சேமிப்பை வைத்திருக்க இயலும்.

இப்போது எங்கள் அரசில் நோட்டு எழுதியவளே முதலமைச்சர். ஒவ்வொரு மாலையும் குகைக்குப் போகுமுன் அவள் படிக்கும் பட்டியலைக் கேட்கிறோம். சிறிய முறையீடுகளை முதலில் முடிக்கிறோம். தலைநகரில் பூங்கா கட்டுவதை ஒத்திவைத்துக் காவற்கூடம் கட்டினோம். விடுமுறை முடியும்வரை அரசு கவிழவில்லை. பெரும் புகழும் அடையவில்லை. ஓரளவு அமைதியாக இருந்தது என்று சொல்லலாம்.

அன்புத் தங்கைகளே! வகுப்புத் தலைவியாகவோ, விடுதியின் உணவுக்குழுவிலோ, நாளை ஓர் இல்லத்திலோ அலுவலகத்திலோ நீங்களும் ஒரு சிறு அரசை ஆளத்தான் போகிறீர்கள். அப்போது பெரிய பூதங்களைக் கண்டு அதிகம் அஞ்ச வேண்டாம். இன்றைக்குப் பார்க்க வேண்டிய சிறு வேலையை நாளைக்குத் தள்ளும்போது அஞ்சுங்கள். பக்கத்தில் அமைதியாகக் கணக்கெழுதும் தோழியின் சொல்லுக்குச் செவி கொடுங்கள். பாராத பயிர் மட்டுமன்று, பாராத அரசும் கெடும். பாராட்டாத நட்பும் கெடும்.

— பதினோராம் வகுப்பு மாணவியர் நால்வர்