மலைப்பாதை – 9: சீசன் செல்லாத நாள்

கொழும்பில் ஒரு பஸ்ஸை விட்டால் பின்னால் இன்னொன்று வரும். மடுல்சீமையில் விட்டால் விட்டதுதான். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) ஸ்ட்ரைக் என்று டீவியில் ஒரு வரியாக ஓடும் செய்தி இங்கே எத்தனை வீட்டைத் தட்டுகிறது என்பதை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது.

2025 ஆகஸ்ட் 27 நள்ளிரவு தொடங்கிய ஸ்ட்ரைக்கை எடுத்துக்கொள்வோம். தனியார் பஸ்களோடு ஒரே நேர அட்டவணையில் ஓட மாட்டோம் என்றன சங்கங்கள். அதில் நியாயம் உண்டா இல்லையா என்பது தனி விவாதம். எனக்கு உறுத்துவது பிள்ளைகளின் சீசன் டிக்கெட். அது இ.போ.ச. பஸ்ஸில் மட்டும்தான் செல்லும். சீசனை நீட்டினால் ப்ரைவட் கொண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அதற்கு அவருக்கு யாரும் காசு தருவதில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கும் லயத்து வீட்டில் போக வரக் காசு தேடுவதைவிட, "இன்னைக்கு நின்னுக்க" என்று சொல்வது சுலபம்.

கிளினிக் கொப்பியோடு பதுளைக்குப் புறப்படும் அம்மாவின் கதை இன்னும் மோசம். கொழுந்துக்குப் போகாததால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், ஏற்கனவே போயிருக்கும். அப்போதைய நாட்சம்பளம் 1,350 ரூபா. பஸ் வராவிட்டால் கிளினிக்கும் போச்சு. இன்னொரு நாள் போக இன்னொரு பேரை விட வேண்டும். பிரஷர் குளிசை அதுவரை காத்திருக்குமா? த்ரீவீலர் பிடிக்க நாலு பேர் சேர வேண்டும்.

ஓடுகிற ஒன்றிரண்டு பஸ்ஸில் ஃபுட்போர்ட் வரை கூட்டம். 2023 செப்டெம்பரில் ரயில் ஸ்ட்ரைக் நடந்தபோது, நெரிசலில் ரயில் கூரையில் ஏறிப் போன ஓர் இளைஞர் ஹொரபேயில் உயிர்விட்டார். பசறை–லுணுகலை வீதியின் 13ஆம் கட்டையில் 2021 மார்ச் 20ஆம் திகதி பஸ் பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்த சனத்துக்கு, இந்த வளைவுகளில் தொங்கிக்கொண்டு போவது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் தடை போட்டுவிடலாமா? அதற்கு 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் தயாராகவே இருக்கிறது. அந்தப் பாதை எங்கே கொண்டுபோகும் என்பதை 1980 ஜூலை காட்டியது. மாதம் 300 ரூபா கூட்டிக் கேட்டுத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். இரத்மலானை ரயில்வே வேர்க்ஷொப்பில் பற்றியது எங்கும் பரவியது. வேலையை விட்டுப் போனவர்கள் என்று சொல்லி ஜே.ஆர். அரசாங்கம் ஏறக்குறைய 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. அப்போது நம் தொண்டமான் அந்த அமைச்சரவையில் இருந்தார், அவரது இ.தொ.கா. (இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) அந்த ஸ்ட்ரைக்கில் இறங்கவில்லை. ஆனால் 1984இல் தோட்டங்களே வேலையை நிறுத்தித்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளத்தை வாங்கின. மலையகத்தான் ஸ்ட்ரைக்குக்கு எதிராகப் பேசுவது தன் சோற்றுக்கு எதிராகப் பேசுவது.

அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான். டாக்டர்மார் சங்கம் வேலையை நிறுத்தும்போதுகூட சிறுவர், மகப்பேறு, புற்றுநோய் ஆஸ்பத்திரிகளை விட்டுவைப்பது வழக்கம். டிப்போ சங்கங்களும் காலையில் இறங்கும் ஸ்கூல் ட்ரிப்பையும் பின்னேரம் ஏறும் ட்ரிப்பையும் விட்டுவைக்கலாம். சபைக்கு உறைக்க வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. 2018இல் ஜப்பானின் ஒகயாமாவில் பஸ் சாரதிகள் ஸ்ட்ரைக் செய்தார்கள். பஸ் வழக்கம்போல ஓடியது. டிக்கெட் காசை மட்டும் வாங்கவில்லை. நட்டம் கம்பனிக்குப் போனது.