எண்ணெய் தொடாதவர் இரத்தத்தில் கொழுப்பு ஏன்?

எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தி ஆறு மாதமாயிற்று. முட்டையின் மஞ்சள் கருவையும் ஒதுக்கியாயிற்று. இருந்தும் இரத்தப் பரிசோதனைத் தாளில் டிரைகிளிசரைடு 280 என்று வந்திருக்கிறது. கடலூர், சிதம்பரம் நகரங்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் எங்களிடம் வருவோர் அடிக்கடி எழுப்பும் ஐயம் இது. ஒல்லியான உடல்வாகு உடையவராயின் அவருக்கு வியப்பு இன்னும் மிகுதி. இதற்கான விடை, உண்ணும் எண்ணெயில் மட்டும் இல்லை. உடல் கொழுப்பைக் கையாளும் முறையிலும் இருக்கிறது.

கொழுப்பு அமிலத்தைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. இதயத் தசை தனக்குத் தேவையான ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அதிலிருந்துதான் பெறுகிறது. மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசராலுடன் பிணைந்திருப்பதே டிரைகிளிசரைடு. பத்தாயத்தில் நெல்லைச் சேர்ப்பதுபோல், தோலடிக் கொழுப்புத் திசு இதனைச் சேமித்து வைக்கிறது. இரவு உணவுக்குப் பின் நேரம் செல்லச் செல்ல இன்சுலின் குறைகிறது, பத்தாயம் திறக்கிறது, கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் இறங்கி, தசைகளின் மைட்டோகாண்ட்ரியாவை அடைகின்றன. அவற்றுள் நீளமானவற்றை உள்ளே சேர்ப்பதற்குக் கார்னிடைன் என்னும் பொருள் தேவை. உள்ளே அவை இரண்டிரண்டு கார்பன் அணுக்களாகத் துண்டிக்கப்பட்டு எரிகின்றன. உண்டவுடன் இன்சுலின் உயர்ந்து பத்தாயத்தை மூடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக உடல் பழகிவந்த ஒழுங்கு இது.

இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடலில் இவ்வொழுங்கு குலைகிறது. உண்ட பின்னரும் பத்தாயக் கதவு சரியாக மூடுவதில்லை. கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் கல்லீரலை நோக்கிக் கசிகின்றன. அதே வேளையில் தட்டில் குவிந்த சோறு, இட்லி, சர்க்கரை கலந்த தேநீர் ஆகியவற்றின் மிகுதியான மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அவ்வாறு மாற்றும்போது உண்டாகும் ஓர் இடைப்பொருள், கார்னிடைன் வழியையே அடைத்துவிடுகிறது. ஆக, கொழுப்பு உருவாவதும் மிகுதி, எரிவதும் குறைவு. எஞ்சியதில் ஒரு பகுதி கல்லீரலில் படிகிறது. மறுபகுதி டிரைகிளிசரைடாக இரத்தத்தில் ஏறுகிறது. நன்மை செய்யும் எச்.டி.எல். குறைந்து, தீமை செய்யும் எல்.டி.எல். துகள்கள் சிறியனவாகவும் அடர்ந்தனவாகவும் மாறுகின்றன. நீரிழிவும் மாரடைப்பும் ஒரே வீட்டில் தொடர்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒல்லியானவர்க்கும் இது நேர்வது எப்படி? புனே நகர மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த யுட்கின் ஆகிய இருவரின் ஒளிப்படம் 2004-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. இருவரின் உடல் நிறை குறியீடும் 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. எடைபார்க்கும் கருவி இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே, நம்மவர்க்கு எடையைவிட இடுப்புச் சுற்றளவே நல்ல அளவுகோல் என்பது எங்கள் கருத்து: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் 2023-ஆம் ஆண்டு முடிவுப்படி, நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். அதே ஆய்வுத் தொடரின்படி, நம் உணவின் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. சோற்றை அறவே விடும்படி நாங்கள் சொல்வதில்லை. இரண்டாம் முறை பரிமாறும் சோற்றின் இடத்தில் சுண்டலோ, பயறோ, கூடுதலாக ஒரு கரண்டிக் காய்கறிக் கூட்டோ வரலாம். ஆனால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கக்கூடும். மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகே குறைக்க வேண்டும்.

எண்ணெய்க்கு வருவோம். மல்லாட்டை விளையும் மாவட்டம் நம்முடையது. அதிலிருந்து ஆட்டிய எண்ணெயில் ஏறத்தாழப் பாதி ஒலீயிக் அமிலம். அது இதயத்துக்குத் தீங்கற்றது. நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அதையே நம்பியுள்ள குடும்பங்களைக் குறைகூறிப் பயனில்லை. அளவைக் குறைப்பதே அவர்களுக்கு இயன்ற வழி. எந்த எண்ணெயாயினும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும் என்பது எங்கள் பரிந்துரை.

எண்ணெயின் வகையைக் காட்டிலும், அதை எத்தனை முறை காய்ச்சுகிறோம் என்பது குறித்தே நாங்கள் கூடுதலாகக் கவலைப்படுகிறோம். அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், மதுவுடன் சூடேற்றிய சூரியகாந்தி எண்ணெயும் சேர்ந்தபோது கல்லீரல் பாதிப்பு மிகுந்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் காரணம் தெளிவானது: இத்தகைய எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை, வெப்பத்தில் ஆக்சிஜன் எளிதில் தாக்குகிறது. பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதனை வீட்டில் அளக்க இயலாது. நிறம் கறுத்து, நுரை கட்டி, பிசுபிசுத்தால் அந்த எண்ணெய் முடிந்துவிட்டது. அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிக்க மட்டும் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மீண்டும் பொரிக்க வேண்டாம்.

கடலூர் துறைமுகத்தில் மலிவாகக் கிடைக்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நிறைந்தவை. கல்லீரல் டிரைகிளிசரைடை உருவாக்குவதை அவை மட்டுப்படுத்துகின்றன. வாரம் இருமுறை, குழம்பாக உண்பது நன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பலரும் கருவாட்டை நாடுகின்றனர். உயர் இரத்த அழுத்தமோ இதயச் செயலிழப்போ உடையவர்க்கு அதன் உப்பு ஆகாது. மீன் உண்ணாதவர்கள் ஆளி விதையைப் பொடித்துச் சேர்க்கலாம். ஆயினும் அதிலுள்ள ஒமேகா-3-இல் சிறு பங்கே மீனில் உள்ள வடிவத்துக்கு மாறுகிறது.

உணவு சீராகிவிட்டது என்று எண்ணி, மருத்துவர் எழுதிய கொழுப்புக் குறைப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். டிரைகிளிசரைடு பரிசோதனைக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றுடன் வாருங்கள், தண்ணீர் குடிக்கலாம். 150-க்குக் கீழ் இருப்பது நல்லது. 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. அத்தகையவருக்கு மேல்வயிற்றில் கடும் வலி தோன்றி முதுகுவரை பரவி, வாந்தியும் இருந்தால், வாயுத் தொல்லை என்று கசாயம் வைத்துக் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். பழைய பரிசோதனைத் தாளையும் கையோடு எடுத்து வாருங்கள்.